வெள்ளி போனது, பெயர் நின்றது

சிடாம் கிரி கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரை என்ன விலை என்று கேட்டால், "ரெண்டு வெள்ளி" என்று பதில் வரும். வங்கிப் படிவத்தில் ரிங்கிட் என்று எழுதுபவர்கூட, வாயைத் திறந்தால் வெள்ளி என்றுதான் சொல்வார். கெடா தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பழகிப்போன சொல். அப்பா சம்பளம் எத்தனை வெள்ளி, பள்ளிக் கட்டணம் எத்தனை வெள்ளி, மொய் எழுதியது எத்தனை வெள்ளி என்றே குடும்பக் கணக்குகள் பேசப்பட்டு வந்திருக்கின்றன.

ஆனால் அந்த நோட்டில் வெள்ளி ஏது? சட்டைப் பையில் கிடக்கும் சில்லறையிலும் ஒரு குன்றிமணி வெள்ளி கிடையாது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லின் கதையும் இதுவே. பல்பல்லாக வெட்டுப்பட்ட விளிம்பைக் குறிக்கும் சொல் அது. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரைகளில் புழங்கிய ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் விளிம்பைப் பார்த்து வைத்த பெயர். ஆக, தமிழன் உலோகத்தைப் பார்த்துப் பெயர் வைத்தான். மலாய்க்காரர் விளிம்பைப் பார்த்துப் பெயர் வைத்தார். இரண்டு சொற்களும் ஒரே வெள்ளிக் காசுக்குச் சாட்சி சொல்கின்றன.

சாட்சி இருக்கிறது, பொருளைக் காணோம். அந்த வெள்ளி எங்கே போனது? யார் எடுத்தார்கள்? எடுத்தபோது நஷ்டம் யார் தலையில் விழுந்தது? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், பால்மரக் காட்டில் தொடங்கும் பாதை ரோமாபுரி வரை போகிறது.

24 கிராமிலிருந்து 8 கிராமுக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மலாயாவில் மெக்சிகோ வெள்ளி, பிரிட்டிஷ் வணிக வெள்ளி எனப் பல நாட்டு நாணயங்கள் புழங்கின. 1903-இல்தான் நீரிணைக் குடியேற்ற நாடுகளுக்கென்று சொந்தமான ஒரு வெள்ளி டாலர் வந்தது. ஏறத்தாழ 27 கிராம் எடை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. அதாவது ஒரு காசில் 24 கிராமுக்குச் சற்றே கூடுதலாகச் சுத்த வெள்ளி இருந்தது. கல்லாப் பெட்டியின் மேல் சுண்டிப் போட்டால் 'டிங்' என்று மணி போல ஒலிக்கும். ஓசையை வைத்தே நல்ல காசா, கள்ளக் காசா என்று கடைக்காரர் சொல்லிவிடுவார்.

மூன்றே ஆண்டுகளில் சிக்கல் வந்தது. 1906-இல் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பிரிட்டிஷ் அரசு நிர்ணயம் செய்தது. அந்த நேரத்தில் உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏறிவிட்டது. காசைக் காசாகச் செலவழிப்பதைவிட, உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை. உடனே 1907-இல் காசின் எடையைச் சுமார் 20 கிராமுக்குக் குறைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு வெள்ளி விலை மீண்டும் உச்சத்துக்குப் போனது. 1919-இல் வந்த டாலர் இன்னும் இளைத்தது: எடை சுமார் 17 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. பதினாறு ஆண்டுகளில் ஒரு டாலரில் இருந்த வெள்ளி 24 கிராமிலிருந்து 8 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது.

மலாயாவில் மட்டும் இப்படி நடக்கவில்லை. பிரிட்டனே தன் வெள்ளிக் காசுகளின் தரத்தை 1920-இல் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரையிலிருந்து ஐம்பதாகக் குறைத்தது. ஊருக்குப் பணம் அனுப்பிய தோட்டத் தமிழர்களுக்குத் தெரிந்த இந்திய ரூபாயும் இரண்டாம் உலகப் போரின்போது பாதி வெள்ளியானது. 1947-இல் முழுக்க நிக்கல் ஆனது. பேரரசு போரில் இறங்கும்போதெல்லாம் காசில் உள்ள வெள்ளி கரைந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெள்ளி குறைந்தபோதும் மலாயா டாலரின் மதிப்பு சரியவில்லை. 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற கணக்கு அப்படியே நின்றது. காரணம், வெளியிட்ட பணத்துக்கு ஈடாக லண்டனில் ஸ்டெர்லிங் சொத்து வைக்கப்பட்டிருந்தது. கேட்டால் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை மக்களிடம் இருந்தது. உலோகம் குறைந்தாலும் வாக்கு நின்றது. அதனால் காசும் நின்றது. தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். இந்த இரண்டு பொருளும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதைக் கெடா மக்கள் 1941-க்குப் பிறகு நேரில் கண்டார்கள்.

வாழைமர நோட்டு

1941 டிசம்பர் 8. ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கிய அதே நாளில் சுங்கை பட்டாணி விமானத் தளத்தில் குண்டு விழுந்தது. சில நாட்களில் ஜித்ராவில் பிரிட்டிஷ் படையின் தற்காப்பு உடைந்தது. டிசம்பர் மாதம் முடிவதற்குள் கெடா முழுவதும் ஜப்பானியர் கையில். தோட்டத்துத் துரைமார் போய்விட்டார்கள். லயத்து மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

வந்தவர்கள் பணத்தையும் கையோடு கொண்டு வந்தார்கள். 'ஜப்பானிய அரசு' என்ற பெயர் போட்ட டாலர் நோட்டுகள். கேட்டவுடன் கொடுப்போம் என்ற வாக்குறுதியும் நோட்டின் மேல் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. எதைக் கொடுப்பார்கள், எங்கே கொடுப்பார்கள் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. பத்து டாலர் நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் வரையப்பட்டிருந்தது. அதைப் பார்த்து மக்கள் எல்லா நோட்டுக்கும் சேர்த்தே வாழைமர நோட்டு என்று பெயர் சூட்டினார்கள். நாணயமாக ஒரு சல்லிக்காசைக்கூட அந்த ஆட்சி வார்க்கவில்லை. ஒரு காசு, ஐந்து காசு, பத்து காசு எல்லாமே காகிதம்.

முதலில் அதற்கும் பழைய மலாயா டாலருக்கும் ஒரே மதிப்பு என்று அறிவித்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? பழைய நோட்டையும் வெள்ளிச் சில்லறையையும் ஒளித்து வைத்துவிட்டு, வாழைமர நோட்டைக் கடையில் நீட்டினார்கள். எல்லாரும் அப்படிச் செய்யவே, நல்ல காசு சந்தையிலிருந்து மறைந்தது. கெட்ட பணம் நல்ல பணத்தைத் துரத்திவிடும் என்று பொருளாதாரப் பாடத்தில் படிப்பதை, பாடம் படிக்காத பாட்டிமார் அரிசிப் பானைக்குள் செய்து காட்டினார்கள்.

தொடக்கத்தில் அச்சான நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. போகப்போக எண் காணாமல் போனது. எழுத்துகள் மட்டும் மிஞ்சின. காகிதமும் மட்டமானது. எண் இல்லாத நோட்டு என்றால், எத்தனை அச்சடித்தோம் என்று அச்சடித்தவனுக்கே கவலையில்லை என்று அர்த்தம். கள்ள நோட்டு அடிப்பவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. போருக்கு முன் மலாயாவில் புழங்கிய பணம் சுமார் 22 கோடி டாலர். ஜப்பானியர் ஆட்சியில் வெளியிடப்பட்ட நோட்டு 700 கோடியிலிருந்து 800 கோடி டாலர் வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. ஆயிரம் டாலர் நோட்டுகூட வந்துவிட்டது.

பணம் முப்பது மடங்குக்கு மேல் பெருகியது, பொருள் பெருகவில்லை. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வாங்கிய நாடு. போரில் அந்த வரத்து நொறுங்கிப்போனது. ரப்பரை வாங்கிய அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகள் மூடிக்கொண்டன. பால்மரம் சீவியவனுக்கு வேலை இல்லை. வேலை இருந்தவனுக்கு அரிசி இல்லை. சிங்கப்பூரில் போருக்கு முன் ஐந்து டாலருக்கு விற்ற சுமார் 60 கிலோ அரிசி, 1945-இன் நடுப்பகுதியில் ஐயாயிரம் டாலருக்குப் போனது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறானது.

ரோமாபுரியில் நடந்தது

ஒரு பேரரசு தன் இக்கட்டைக் காசின் மேல் இறக்கி வைப்பது ஜப்பானியர் கண்டுபிடித்த வித்தை அல்ல. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள்.

ரோமானியரின் வெள்ளிக் காசுக்குத் தெனாரியஸ் என்று பெயர். அகஸ்டஸ் பேரரசர் காலத்தில் அது ஏறக்குறையச் சுத்த வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ முதல் கை வைத்தார். ஒரு ராத்தலுக்கு 84 காசு அடித்த இடத்தில் 96 காசு அடித்தார், செம்பும் கூட்டினார். பின்னால் வந்தவர்களுக்கு வழி தெரிந்துவிட்டது. 194-ஆம் ஆண்டு வாக்கில் செப்டிமியஸ் செவரஸ் படைச் சம்பளத்துக்காக வெள்ளியை ஏறக்குறையப் பாதியாக்கினார். அவர் மகன் காரகல்லா 215-இல் ஒரு புதிய காசு வெளியிட்டார். இரண்டு தெனாரியசுக்குச் சமம் என்று சொல்லப்பட்ட அந்தக் காசில் ஒன்றரைத் தெனாரியசுக்குரிய வெள்ளியே இருந்தது. மீதி அரைக்காசு அரண்மனையின் லாபம்.

கி.பி. 235 முதல் 284 வரையிலான ஐம்பது ஆண்டுகளை வரலாற்றாசிரியர்கள் மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடி என்கிறார்கள். ஒரு பேரரசர் போய் இன்னொருவர் வருவதும், வந்தவர் தம் படைவீரர்களாலேயே கொல்லப்படுவதும் வாடிக்கையானது. கொள்ளைநோய் பரவியது. 260-இல் வலேரியன் என்ற பேரரசரைப் பாரசீக மன்னர் ஷாப்பூர் உயிரோடு சிறைபிடித்தார். அதே ஆண்டு மேற்கில் கோல் நாடு தனி ஆட்சியாகப் பிரிந்தது. எல்லா எல்லையிலும் போர்; எல்லாப் படைக்கும் சம்பளம். கருவூலத்தில் வெள்ளி இல்லை.

வலேரியனின் மகன் கல்லியேனஸ் காலத்தில் காசு தரைமட்டத்துக்கு வந்தது. 268-இல் அவர் கொல்லப்பட்டபோது அந்தக் காசில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லை. ஆனால் வெளிப்பார்வைக்கு வெள்ளி போலவே மின்னியது. செம்புக் கலவையைச் சூடாக்கிப் புளிப்புத் திராவகத்தில் போட்டால் மேற்புறச் செம்பு கரைந்து, மெல்லிய வெள்ளித் தோல் மட்டும் நிற்கும். அதன் மேல் பேரரசரின் முகத்தை அடித்துவிடுவார்கள். சில மாதம் கைமாறித் தேய்ந்ததும் மூக்கு நுனியிலும் கன்னத்திலும் செம்பு எட்டிப் பார்க்கும். பேரரசர் சிவந்துபோவார்.

மக்கள் ஏமாந்தார்களா? எகிப்தின் ஆக்சிரிங்கஸ் நகரில் கிடைத்த 260-ஆம் ஆண்டுப் பாப்பிரஸ் ஓலை ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. பேரரசரின் காசை வாங்க விரும்பாத நாணயமாற்று வணிகர்கள் கடையை இழுத்து மூடிவிட்டார்கள். கடையைத் திறக்க வேண்டும், அப்பட்டமான கள்ளக் காசைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கியாக வேண்டும் என்று அந்த ஊர் அதிகாரி உத்தரவு போட்டிருக்கிறார். காசை வாங்கச் சொல்லி உத்தரவு போட வேண்டிய நிலை வந்துவிட்டது என்றால், அந்தக் காசின் உயிர் போய்விட்டது என்றுதான் பொருள்.

சுண்டிப் பார்த்த தமிழன்

இந்த ரோமானியக் கதையில் தமிழனுக்கும் ஓர் இடம் உண்டு. மிளகு, முத்து, பச்சைக்கல், துணி என்று தமிழகத்திலிருந்து கப்பலேறிய சரக்குக்கு ரோமானியர் பொன்னும் வெள்ளியும் கொடுத்தார்கள். இந்திய வணிகத்தால் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் கரைகிறது என்று முதல் நூற்றாண்டு எழுத்தாளர் பிளினி புலம்பியிருக்கிறார்.

கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களில் உழவு ஓட்டும்போதும் கிணறு தோண்டும்போதும் இந்தக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு விஷயம் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டது. வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற முதல் இரண்டு பேரரசர்களுடையவை. நீரோ வெள்ளியைக் குறைத்த பிறகு அடிக்கப்பட்ட தெனாரியஸ்கள் மிகவும் குறைவு. ரோமாபுரிச் சந்தையில் புதுக் காசை வாங்கித்தான் ஆக வேண்டும். கொங்கு நாட்டு வணிகனை அப்படிக் கட்டாயப்படுத்த யாராலும் முடியாது. அவன் காசைப் பார்த்தது வெறும் உலோகமாக. எடை போட்டான், உரசிப் பார்த்தான்; பழைய நல்ல வெள்ளியைக் கேட்டு வாங்கினான்.

1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. எதற்காக வெட்டினார்கள் என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் முகத்துக்கு மயங்கி யாரும் காசு வாங்கவில்லை என்பது மட்டும் அந்த வெட்டிலேயே தெரிகிறது.

எகிப்து வணிகன் கடையை மூடினான். தமிழ் வணிகன் பழைய காசைக் கேட்டான். ரோமானியப் போர்வீரனோ, கையில் வாள் வைத்திருந்தான். காசின் தரம் குறையக் குறையச் சம்பளத்தை ஏற்றச் சொல்லி மிரட்டினான். மூவரிடமும் ஏதோ ஒரு வகையில் 'மாட்டேன்' என்று சொல்லும் பலம் இருந்தது.

மறுக்க முடியாதவன்

கெடா தோட்டத்துத் தமிழனிடம் அந்தப் பலம் இல்லை. இங்கேதான் ரோமாபுரிக் கதையும் சிடாம் கிரிக் கதையும் பிரிகின்றன.

1920-களின் இறுதியில் மலாயாவில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட தரக்கூலி, முக்கியத் தோட்டப் பகுதிகளில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மிகக் குறைந்த கூலிதான். அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதையும் வெட்டினார்கள். ஆனாலும் அந்த ஐம்பது காசு மாதக் கடைசியிலும் ஐம்பது காசாகவே இருந்தது. சீட்டுக் கட்டலாம், ஊருக்கு அனுப்பலாம், பெண்ணுக்கு ஒரு பவுன் சேர்க்கலாம்.

ஜப்பானியர் காலத்தில் கூலி வாங்கிய கையோடு அதைப் பொருளாக மாற்றவில்லை என்றால் அது கரைந்துவிடும். வியாபாரியிடம் சரக்கு இருந்தது, விலையை ஏற்றிக்கொண்டார். நிலம் வைத்திருந்தவரிடம் கிழங்கு இருந்தது. தோட்டத் தொழிலாளியிடம் இருந்தது உழைப்பு ஒன்றுதான். அந்த உழைப்புக்குக் கிடைத்ததும் அந்த நோட்டு ஒன்றுதான். வேண்டாம் என்று சொன்னால் தண்டனை. நோட்டில் உலோகம் இல்லை. எடை போட முடியாது, உரசிப் பார்க்க முடியாது, சுண்டினால் ஓசையும் வராது.

அதே நோட்டைக் காட்டித்தான் சயாம் மரண ரயில்பாதைக்கும் ஆள் சேர்த்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்களும் உண்டு. பலவந்தமாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களும் உண்டு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அங்கேயே மாண்டார்கள். ஒரு வெள்ளி என்று சொல்லி அழைத்த அந்தக் கூலி, வெள்ளியும் இல்லை; நாளடைவில் கூலியும் இல்லை.

ரயில்பாதை முடிந்த அதே மாதத்தில் கெடாவின் எசமானும் மாறினார். 1943 ஆகஸ்டு 20-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான், அக்டோபர் 18-இல் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. 1909 வரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, மறுபடியும் அதே கைக்குப் போனது. ஆட்சி மாறியும் லயத்தில் எதுவும் மாறவில்லை. அங்கே புழங்கியதும் அதே வாழைமர நோட்டுதான்.

1945: ஒரே நாளில் செல்லாக் காசு

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் வந்தது. வந்தவுடன் வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தது. அதற்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் படம் போட்ட புது மலாயா நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தன. போருக்கு முன்னர் அடித்த பழைய நோட்டும் வெள்ளிச் சில்லறையும் எப்போதும் போலச் செல்லும்.

அப்போது வீட்டுக்கு வீடு பெட்டிகள் திறக்கப்பட்டன. யார் பெட்டியில் பழைய வெள்ளி இருந்ததோ, அவர் பிழைத்தார். யார் பெட்டியில் வாழைமரம் இருந்ததோ, அவர் மூன்றரை ஆண்டு உழைப்பை அடுப்பில் போட்டார். குழந்தைகள் அந்த நோட்டை வைத்துக் கடைவிளையாட்டு விளையாடினார்கள். செல்லாக் காசு என்ற வசவுச் சொல் அந்தத் தலைமுறைக்குக் கண்ணால் கண்ட உண்மை ஆனது.

கடன் கொடுத்தவர், வாங்கியவர் கதை இன்னும் சிக்கலானது. போருக்கு முன்பு நல்ல டாலரில் வாங்கிய கடனை, போர்க்காலத்தில் வாழைமர நோட்டில் அடைத்தவர்கள் இருந்தார்கள். செட்டியார் வட்டிக்கடைகளும் வங்கிகளும் அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அந்தக் கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? இதைத் தீர்க்க 1948-இல் தனிச் சட்டமே வந்தது. எந்தக் காலத்தில் கொடுத்த ஜப்பான் டாலருக்கு எத்தனை மலாயா டாலர் மதிப்பு என்று ஓர் ஏணிப்படி அட்டவணை போட்டார்கள். அந்த ஏணியின் கடைசிப் படியில், 1945 ஆகஸ்டு நடுவில், 950 ஜப்பான் டாலருக்கு ஒரே ஒரு மலாயா டாலர்.

கடன் பத்திரம் வைத்திருந்தவருக்குச் சட்டம் ஓர் அட்டவணை தந்தது. கூலி வாங்கியவருக்கு எந்த அட்டவணையும் வரவில்லை. அவரிடம் பத்திரம் இல்லை. உழைத்த நாட்களின் கணக்கு கிராணியின் செக்ரோலோடு போய்விட்டது.

ரோமாபுரியில் கல்லியேனஸ் இறந்த ஆறு ஆண்டுகளில், 274-இல் அவுரேலியன் காசைச் சீர்செய்ய முயன்றார். 294-இல் டயோக்ளீஷியன் மீண்டும் நல்ல வெள்ளிக் காசை அடித்தார். விலை அப்போதும் அடங்கவில்லை. 301-இல் பொருளுக்கெல்லாம் உச்சவிலை நிர்ணயித்து, மீறினால் மரண தண்டனை என்று கல்லில் வெட்டி வைத்தார். அந்த ஆணையும் நிலைக்கவில்லை. ஒருமுறை உடைந்த வாக்கை உலோகத்தால் ஒட்டுவது அத்தனை கடினம்.

கெடாவிலும் போர் முடிந்ததும் பழைய துரைத்தனம் திரும்பியது. பழைய அடக்கம் திரும்பவில்லை. 1946-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. கள்ளுக்கடையை மூடு, உழைப்புக்கு உரிய கூலியைக் கொடு என்ற குரல் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்குப் பரவியது. 1947-இல் போலீசோடு மோதல் வரை போய், இயக்கம் ஒடுக்கப்பட்டது. வாழைமர நோட்டு மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பசியும், ரயில்பாதையில் இழந்த உறவுகளும், போர்க்காலத்தில் பரவிய விடுதலை உணர்வும் சேர்ந்த எழுச்சி அது. ஆனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாய்மூடி இருந்த ஒரு சமூகம், 'இது போதாது, இது வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான்.

பெட்டியின் அடியில்

1948-இல் மலாயாவின் பத்து காசிலும் இருபது காசிலும் மிச்சமிருந்த வெள்ளியும் போனது. செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது. 1967-இல் மலேசிய டாலர் வந்தது. 1975-இல் ரிங்கிட் என்ற பெயர் அதிகாரபூர்வமானது. உலோகம் போய்ப் பல தலைமுறை ஆகியும், வெள்ளி என்ற பெயரைத் தமிழர் நாக்கு விடவில்லை.

கெடாவின் பழைய தோட்டக் குடும்பங்கள் பல இன்று சுங்கை பட்டாணி, கூலிம் வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறிவிட்டன. வீடு மாற்றும்போது பாட்டியின் தகரப்பெட்டியில் துணிக்கு அடியிலிருந்து சில பழைய நோட்டுகள் கிடைப்பது உண்டு. வாழைமரப் படம், எண் இல்லாத நோட்டு. பழைய பொருள் சேகரிப்பவர் சில வெள்ளி கொடுத்து வாங்கிக்கொள்வார். குப்பையில் போடுபவர்களும் உண்டு.

இரண்டும் வேண்டாம். அந்த நோட்டை எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். அதில் எண் ஏன் இல்லை என்று கேட்கச் சொல்லலாம். அந்தக் கேள்விக்குப் பதிலாக ரோமாபுரிப் பேரரசரின் சிவந்த மூக்கிலிருந்து சயாம் ரயில்பாதை வரை ஒரு நீண்ட வரலாற்றைச் சொல்ல முடியும். அந்த வரலாற்றின் சாரம் எளியது. காசின் மேல் யார் முகம் இருக்கிறது என்பதைவிட, அதை வாங்குகிறவனுக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருக்கிறதா என்பதே முக்கியம்.

கொங்கு நாட்டு வணிகனுக்கு அந்த உரிமை இருந்தது. நல்ல வெள்ளி கிடைத்தது. சிடாம் கிரிப் பால்மரத் தொழிலாளிக்கு அது இல்லை, வாழைமரம் கிடைத்தது. அவர் பேரப்பிள்ளைகள் இன்றும் 'வெள்ளி' என்று சொல்லும்போதெல்லாம், அவருக்குக் கொடுக்கப்படாத ஒன்றின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.